ஃபீனிக்ஸுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: வாய்க்காலில் தொடங்குங்கள்

பாலைவன நகரம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் கண்ணில் வந்தால், அந்தப் படத்தை அழித்துவிட்டுக் கிளம்புங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸ் இருப்பது சோனோரன் பாலைவனத்தில். இங்கே மணல் குறைவு; கல்லும் முள்ளும் கள்ளியும்தான் எங்கு பார்த்தாலும். குளிர்காலத்தில் ஒரு மழை, கோடையின் பின்பாதியில் ஒரு மழை என்று வருடத்துக்கு இரண்டு பருவம் உண்டு. அதனால்தான் இது பச்சை தெரியும் பாலைவனமாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் கூட்டினாலும் வருடத்துக்கு 20 சென்டிமீட்டரைத் தொடாது.

இப்படிப்பட்ட இடத்தில் 1950ல் ஒரு லட்சம் சொச்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 16 லட்சம். நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம். சுற்றியிருக்கும் மேசா, சாண்ட்லர், ஸ்காட்ஸ்டேல், டெம்பே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஊராகிவிட்டன. இத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் இந்த ஊரின் வரலாறும் சண்டைகளும் அழகும் தானாக விளங்கும். எனவே பார்க்க வேண்டியவற்றை அந்த வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நல்ல காலம். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய 15 பேஸ்பால் அணிகள் பயிற்சி ஆட்டத்துக்கு இங்கே கூடாரமடிக்கும். அப்போது ஹோட்டல் வாடகை எகிறிவிடும், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஆனாலும் மார்ச் மாதத்தை விட மனம் வராது. பழைய குடியிருப்புகளின் ஆரஞ்சு மரங்கள் பூத்து, மாலையில் தெருவே மணக்கும். தெருவோர மரங்களில் தொங்குவது பெரும்பாலும் புளிப்பு ஆரஞ்சு. ஆசையாகக் கடித்தால் வாய் கூசிப்போகும். நாரத்தை போல ஊறுகாய்க்குத்தான் ஆகும், அதுவும் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு. ஏப்ரலில் பாலோ வெர்டே மரம் மஞ்சளாகப் பூக்கும். அதன் தண்டைத் தொட்டுப் பாருங்கள்: பச்சையாக, வழவழவென்று இருக்கும். வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டாலேயே உணவு சமைக்கும் மரம் அது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு கணக்கு. 2023ல் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. மரிகோபா மாவட்டத்தில் மட்டும் அந்த வருடம் வெப்பத்தால் 645 பேர் இறந்தார்கள். ஊரில் பலகைகளும் கார்களும் ஃபாரன்ஹீட்டில்தான் பேசும். 100 என்றால் 38, 110 என்றால் 43, 115 என்றால் 46 என்று மூன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போதும்.

கோடையில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் வரவேண்டாம் என்று சொல்லமாட்டோம், அறைகள் மலிவாகக் கிடைக்கும். நாளை மூன்றாக வெட்டிக்கொள்ளுங்கள்: விடியற்காலை 5 முதல் 8 வரை வெளியே, நடுப்பகலில் அருங்காட்சியகம் அல்லது அறை, இருட்டிய பிறகு மறுபடி வெளியே. மாலை 5 மணிக்கு வெயில் இறங்கிவிடும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கிளம்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இங்கே உச்ச வெப்பம் பெரும்பாலும் மாலை 3 முதல் 5 வரை. அதன் பிறகும் தார்ச்சாலையும் சுவரும் பகலில் குடித்த சூட்டை இரவு முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குப் போன் செய்ய ஒரு வசதி: அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளும் வழக்கம் இல்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருடம் முழுக்க 12 மணி 30 நிமிட வித்தியாசம். அங்கே காலை 8 என்றால் நமக்கு இரவு 8:30. வடக்கே நவஹோ பழங்குடியினர் நிலத்தில் மட்டும் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே போகும். அந்தப் பக்கம் சுற்றுலா முன்பதிவு செய்தால் எந்த நேரம் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

தெருக் கணக்கு

ஊர் சதுரங்கப் பலகை மாதிரி. நடுவில் வடக்கு தெற்காக சென்ட்ரல் அவென்யூ. அதற்குக் கிழக்கே எண் போட்டவை எல்லாம் ஸ்ட்ரீட், மேற்கே எல்லாம் அவென்யூ. 7வது ஸ்ட்ரீட்டும் 7வது அவென்யூவும் ஒரு மைல் தள்ளித்தள்ளி இருக்கின்றன. 35வது ஸ்ட்ரீட்டுக்கும் 35வது அவென்யூவுக்கும் இடையே ஊரே இருக்கிறது. முகவரியில் இந்த ஒரு சொல்லை மாற்றிப் போட்டு எதிர்த்திசையில் போய் நிற்பவர்கள் ஏராளம். 16வது ஸ்ட்ரீட்டைத் தாண்டியதும் எட்டு எண்ணுக்கு ஒரு மைல்: 16, 24, 32, 40, 48. வண்டி ஓட்டும்போது தூரம் போட இது உதவும்.

கார் ஓட்டுபவர்கள் கவனிக்க: இந்த இரண்டு 7களிலும் நடு வழித்தடம் வார நாட்களில் திசை மாறும். காலை 6 முதல் 9 வரை நகர மையம் நோக்கி, மாலை 4 முதல் 6 வரை வெளியே. அந்த நேரங்களில் பெரிய சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்பவும் முடியாது. தலைக்கு மேல் தொங்கும் பலகையைப் படிக்காமல் நடுத்தடத்தில் நுழையாதீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கு லைட் ரயில் உண்டு. விமான நிலையத்திலிருந்து ஸ்கை டிரெய்ன் இலவசம். 44வது ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் லைட் ரயிலைப் பிடிக்கலாம். நகர மையம், டெம்பே, மேசா மூன்றுக்கும் அது போகும். மலைப்பாதைகளுக்கும் ஊரின் வட பகுதிக்கும் கார் வேண்டும். ஓட்டுநர் இல்லாத வேமோ கார்களும் இங்கே வாடகைக்கு ஓடுகின்றன.

முதல் நாள்: பழைய வாய்க்கால், புது வாய்க்கால்

அந்த 44வது ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் செடாவ் வாஅக்கி அருங்காட்சியகம். முன்பு புவெப்லோ கிராண்டே என்ற பெயரில் இருந்தது, 2023ல் இந்தப் பகுதிப் பழங்குடியினரான ஓதாம் மக்களின் மொழிப் பெயருக்கு மாறியது. கோடையில் திறக்கும் நாட்கள் குறையும், பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு மேடு, பந்து ஆடிய குழிவான களம், அழிந்த வாய்க்கால்களின் தடம். தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஊருக்கு விதை போட்ட இடம் இது.

ஹோஹோகாம் என்று தொல்லியலாளர் அழைக்கும் மக்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இந்தப் பள்ளத்தாக்கில் சோளமும் பருத்தியும் பீன்ஸும் விளைவித்தார்கள். சால்ட் நதியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள்; இரும்புக் கருவியும் இல்லை, இழுக்க மாடும் இல்லை. 1450 வாக்கில் பெரிய குடியிருப்புகள் கைவிடப்பட்டன. மக்கள் மறைந்துவிட்டார்கள் என்று எழுதுவது தவறு. அகிமெல் ஓதாம், தோஹோனோ ஓதாம் மக்கள் தங்களை அவர்களின் வழித்தோன்றல்களாகவே கருதுகிறார்கள். பெயர்களே வாழ்க்கையைச் சொல்கின்றன: முதலாவது ஆற்று மக்கள், இரண்டாவது பாலைவன மக்கள்.

1867ல் ஜாக் ஸ்விலிங் என்பவர் அந்தப் பழைய தடங்களைப் பார்த்து, இதே வழியில் மறுபடி தண்ணீர் விடலாம் என்று ஒரு வாய்க்கால் நிறுவனம் தொடங்கினார். அடுத்த வருடம் ஊர் உருவானது. அழிந்த ஒன்றின் மேல் எழும் ஊர் என்பதால் ஃபீனிக்ஸ் பறவையின் பெயரை வைக்கச் சொன்னவர் டாரல் டுப்பா. 1911ல் ரூஸ்வெல்ட் அணை முடிந்தது. மறு வருடம் அரிசோனா மாநிலமானது. பிறகு போர்க்கால விமானத்தளங்கள், மின்னணுத் தொழிற்சாலைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஏர்கண்டிஷனர். 1993ல் முடிந்த மத்திய அரிசோனா கால்வாய் கொலராடோ நதித் தண்ணீரை 540 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலைவனத்தின் குறுக்கே கொண்டுவருகிறது.

அன்று சாயங்காலம் 56வது ஸ்ட்ரீட்டும் இந்தியன் ஸ்கூல் ரோடும் சேரும் இடத்துக்குப் போங்கள். அரிசோனா ஃபால்ஸ் என்று பெயர். 1885ல் வெட்டி முடித்த அரிசோனா கால்வாய் அந்த இடத்தில் சுமார் 6 மீட்டர் கீழே விழுகிறது. அந்த விழுச்சியில் இன்றும் மின்சாரம் எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை. கல்லில் உட்கார்ந்தால் மூன்று பக்கமும் தண்ணீர்ச் சத்தம், முகத்தில் ஈரக்காற்று. நாள் முழுக்க உலர்ந்த காற்றில் சுற்றியவர்களுக்கு அது என்னவென்று அப்போது தெரியும். கால்வாய்க் கரையோரம் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை உண்டு. குளிக்கக் கூடாது, கரை சிமென்ட்டுச் சரிவு, விழுந்தால் ஏறுவது கஷ்டம். கரையிலிருந்து எட்டிப் பார்த்தால் பெரிய மீன்கள் நகர்வது தெரியலாம். பாசியையும் களையையும் தின்பதற்கென்றே விட்ட புல்கெண்டை அவை. தூண்டிலில் மாட்டினால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி.

பாலத்தில் நின்று சால்ட் நதியைப் பார்த்தால் பல இடங்களில் வெறும் கூழாங்கல் படுகைதான் தெரியும். தண்ணீர் முழுவதும் மேலேயே கால்வாய்களுக்குத் திருப்பப்படுகிறது. டெம்பேயில் தெரியும் ஏரி 1999ல் தடுப்பு வைத்து நிரப்பியது. தெற்கே கிலா நதியில் மேல்பகுதிக் குடியேறிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தண்ணீரைத் திருப்பிக்கொண்டதால், தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்த அகிமெல் ஓதாம் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அவர்களின் நீருரிமை 2004ல் வந்த சட்டத்தால்தான் தீர்வு கண்டது. காவிரிக் கடைமடையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்: ஹெர்ட், பிறகு தோட்டம்

ஹெர்ட் அருங்காட்சியகம் 1929ல் தொடங்கியது, தென்மேற்குப் பழங்குடியினரின் கலைக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. பானையும் வெள்ளி நகையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய கூடத்துக்குக் கட்டாயம் போங்கள். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து வளர்த்த பள்ளிகள் அவை. அதில் ஒன்று இதே ஊரில் 1891 முதல் 1990 வரை நடந்தது. இந்தியன் ஸ்கூல் ரோடு என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்; பள்ளி இருந்த இடம் இப்போது பூங்கா. பிப்ரவரியில் போனால் ஹெர்ட் வளாகத்தில் வளைய நடனப் போட்டி நடக்கும். ஒரே ஆள் பல வளையங்களைக் கோத்துக் கழுகாகவும் பூவாகவும் மாற்றுவதைப் பார்க்கலாம்.

நகர மையத்துக்குத் தெற்கே கார்வர் அருங்காட்சியகம். கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாகக் கட்டிய உயர்நிலைப் பள்ளி அது. உயர்நிலைப் பள்ளிகளில் இப்படிப் பிரிப்பது செல்லாது என்று அரிசோனா நீதிமன்றம் 1953லேயே தீர்ப்பளித்தது, நாடு முழுவதுக்குமான தீர்ப்பு வர ஒரு வருடம் முன்னால்.

பாலைவனத் தாவரத் தோட்டத்துக்குக் காலை திறந்தவுடன் போய்விடுங்கள். 1939லிருந்து இருக்கிறது. சவாரோ கள்ளியை நின்று பார்க்க நல்ல இடம் இது: ஆங்கிலத்தில் saguaro என்று எழுதினாலும் 'g' ஓசையை உச்சரிப்பில் விட்டுவிட வேண்டும். முதல் கை முளைக்கவே 50 வருடத்துக்கு மேல் ஆகும், வளர்ந்தால் 12 மீட்டரையும் தாண்டும். தண்டில் மடிப்பு மடிப்பாக இருப்பது அழகுக்கு இல்லை. மழை பெய்ததும் வேர் உறிஞ்சும் தண்ணீருக்கு இடம் கொடுக்க அந்த மடிப்புகள் துருத்திபோல விரியும், வறட்சியில் சுருங்கும். மே, ஜூனில் உச்சியில் வெள்ளைப் பூ. பிறகு வரும் சிவப்புப் பழத்தைத் தோஹோனோ ஓதாம் மக்கள் நீண்ட கழியால் தட்டிப் பறித்துப் பாகு காய்ச்சுவார்கள். சவாரோவை அனுமதியில்லாமல் வெட்டுவதும் பெயர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே பபாகோ பூங்காவின் துளைப் பாறை. பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம், மலை ஏறிப் பழக்கமில்லாதவர்களும் ஏறலாம். வடக்கே இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். காதில் மாட்டும் கருவியோடு நடந்தால், ஒவ்வொரு நாட்டின் முன்னால் நிற்கும்போதும் அந்தந்த இசை தானாக ஒலிக்கும். கோடை நடுப்பகலுக்கு இதற்கு மேல் ஒரு இடம் கிடையாது. ஸ்காட்ஸ்டேலில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1937ல் தொடங்கிய டாலியேசின் வெஸ்டுக்கு முன்பதிவு அவசியம்.

மலை ஏறுவதானால்

கேமல்பேக் மலை உச்சி 824 மீட்டர். எக்கோ கேன்யன் பாதையில் 2 கிலோமீட்டருக்குள் 390 மீட்டர் ஏற வேண்டும், சில இடத்தில் கம்பியைப் பிடித்துப் பாறையில் தவழ வேண்டும். தூரத்தைப் பார்த்துச் சுலபம் என்று நினைப்பவர்களைத்தான் மீட்புப் படை இறக்கிக் கொண்டுவருகிறது. முறை இது: விடிவதற்கு முன் வண்டி நிறுத்துமிடத்தில் இருங்கள். ஒரு ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், உப்புச் சேர்த்த தின்பண்டமும் இருக்கட்டும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்புங்கள், உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும் சரி. காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தோலில் நிற்காமல் ஆவியாகிவிடும். வியர்க்கவே இல்லை என்று தோன்றும்போதே உடம்பு வற்றியிருக்கும். தலைவலி, குமட்டல், நடை தள்ளாட்டம் வந்தால் நிழலில் உட்கார்த்தி நனைத்து விசிறுங்கள், பேச்சு குழறினால் உடனே 911. அதீத வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் இந்தப் பாதையைக் காலையிலேயே மூடி மாலை 5 மணிக்குத்தான் திறப்பார்கள்.

சீப்பு ஒன்றையும் முள்வாங்கி ஒன்றையும் பையில் போடுங்கள். சோயா என்ற கள்ளியைத் 'தாவும் கள்ளி' என்பார்கள். அது தாவுவதில்லை, லேசாக உரசினாலே ஒரு உருண்டை கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளில் பின்னோக்கிய செதில் இருப்பதால் கையால் இழுத்தால் கையிலும் ஏறிவிடும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் செருகி, யாரும் இல்லாத பக்கமாக ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். மிச்ச முள்ளைப் பிறகு முள்வாங்கியால் எடுக்கலாம்.

புழுதியும் வெள்ளமும்

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கேயும் பருவமழைக் காலம் என்றுதான் பெயர். இடிமழை சரிந்து கீழே மோதும் காற்று புழுதியைச் சுவர்போல எழுப்பிக்கொண்டு வரும், ஹபூப் என்பார்கள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது: சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள், எல்லா விளக்கையும் அணையுங்கள், கைப்பிரேக் போட்டுவிட்டுக் கால்பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விளக்கை எரியவிடத்தான் மனம் சொல்லும். ஆனால் பின்னால் வருபவர் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, அங்கேதான் சாலை போகிறது என்று நம்பி வந்து மோதுவார்.

மழை பெய்தால் வறண்ட ஓடைகளில் நிமிடக் கணக்கில் வெள்ளம் வரும். தடுப்பு வைத்த சாலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி மாட்டினால் மீட்புச் செலவை உங்களிடமே வாங்க மாநிலச் சட்டம் உண்டு. புழுதியில் இருக்கும் ஒரு பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். வேலி ஃபீவர் என்பது அதுதான். வந்து சில வாரத்தில் இருமலும் காய்ச்சலும் அசதியும் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பரிசோதிக்கக் கேளுங்கள். மழை நின்றதும் வெளியே வந்து மூச்சை இழுங்கள்: கிரியோசோட் புதரின் பிசின் வாசம். அது இந்த ஊரின் மண்வாசனை.

சாப்பாடு

மெக்சிகோவின் சொனோரா பக்கத்துச் சமையல்தான் ஊரின் அடிப்படை. மெல்லிய கோதுமை டோர்டியா நம் நாக்குக்கு உடனே பழகும். சைவர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: மசித்த பீன்ஸில் பல இடங்களில் பன்றிக்கொழுப்பு இருக்கும், சிவப்புச் சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். 'மான்டேகா இருக்கிறதா' என்று கேட்டால் புரியும். பழங்குடியினர் கடைகளில் கிடைக்கும் ஃப்ரை பிரெட் தடித்த பூரி மாதிரி. 1864ல் நவஹோ மக்களை ஊரைவிட்டு நடத்தி அழைத்துப்போய் அடைத்தபோது கொடுத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்தது என்பார்கள். அதற்கும் முந்தையது டெப்பரி பீன்ஸ். ஒன்றிரண்டு மழையில் விளையும் ஓதாம் பயறு. வாங்கிவந்தால் இரவே ஊறப்போட்டு, வெந்த பிறகு உப்புப் போடுங்கள். தெற்கே மரிகோபா ஊரில் மகா கணபதி கோயில் உண்டு.

தங்கிவிடப் போகிறவர்களுக்கு

மே மாதம் முடிவதற்குள் ஏசியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் வெளி யூனிட் உறுமிக்கொண்டு விசிறி சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். சூட்டில் முதலில் சாவது அதுதான். ஃபில்டரைக் கோடையில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள், அடைத்தால் உள்ளே பனி கட்டி குளிரே வராது. பழைய வீடுகளின் மாடியில் ஈரத் தட்டி கூலர் இருக்கலாம். ஜூன் வரை சிக்கனமாக வேலை செய்யும், பருவமழை ஈரம் வந்ததும் ஆவியாக இடமின்றிக் கையை விரித்துவிடும். கார் பேட்டரி இரண்டு மூன்று வருடம் வந்தால் அதிகம். ஜூலையில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர்தான் வரும், குழந்தையைக் குளிப்பாட்டும்முன் கையை வைத்துப் பாருங்கள். செருப்பையும் ஷூவையும் உதறிப் போடுங்கள். இங்கத்திய தேள் சுவர் ஏறும்; புற ஊதா டார்ச்சில் பச்சையாக ஒளிரும், இரவில் வீட்டைச் சுற்றி அடித்துப் பார்க்கலாம். குழந்தையைக் கொட்டினால் விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222.

வீடு பார்க்கும்போது தண்ணீர் எதிலிருந்து என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. 2023ல் நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புது மனைப்பிரிவுகளுக்கு, நகரைச் சுற்றிய பகுதிகளில் அனுமதி தருவதை மாநிலம் நிறுத்தியது.

ஆர்கேடியா போன்ற பழைய குடியிருப்பில் வீடு கிடைத்தால், பின்புறத்தில் ஒரு இரும்பு மடை இருக்கலாம். வாய்க்கால் பாசன உரிமை வீட்டோடு வருவது. கோடையில் சுமார் 14 நாளுக்கு ஒருமுறை முறைத்தண்ணீர் வரும். கால்வாய் மதகைத் திறப்பவருக்கு இன்றும் சான்ஹேரோ என்ற ஸ்பானியப் பெயர்தான். நம் ஊர் நீர்க்கட்டியைப் போன்றவர். உங்கள் முறை நள்ளிரவு 2 மணிக்கு விழலாம். அதற்கு முன் வரப்பில் எலிவளை இருக்கிறதா என்று பார்த்து மண் வைத்து மிதித்துவிடுங்கள். சொன்ன நிமிடத்தில் மடையைத் திறந்து, சொன்ன நிமிடத்தில் மூடுங்கள். தூங்கிவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் முறையைத் தின்றுவிடுவீர்கள், இல்லையேல் அவர் வீட்டுக் கூடத்துக்குள் தண்ணீர் போய்விடும். ரப்பர் பூட்ஸும் ஒரு டார்ச்சும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.